முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குத் துணை நிற்போம்

தமிழ்வழியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் சிலர், கல்லூரியின் முதல் பருவத் தேர்விலேயே அரியர் வைத்துவிட்டு வீட்டில் மறைக்கிறார்கள். பாடம் திடீரென ஆங்கிலத்துக்கு மாறுவதே பெரும்பாலும் காரணம். பெற்றோராகிய நாம் முதல் மாதத்திலிருந்தே கவனிக்க வேண்டியவை:

மொழி: புரியாத சொற்களை அன்றன்றே குறித்துப் பொருள் அறியட்டும். விடையை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

வருகை: பல கல்லூரிகளில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. நிக்காஹ், வலீமா என்று அடிக்கடி ஊருக்கு அழைக்காதீர்கள்.

ராகிங்: தமிழ்நாட்டில் 1997 முதல் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. பிள்ளை விடுதிக்குத் திரும்பத் தயங்கினால், கோபிக்காமல் விசாரியுங்கள். புகாருக்கு யுஜிசியின் கட்டணமில்லா எண்: 1800-180-5522.

அரியர்: மீண்டும் எழுதித் தேறலாம். "எத்தனை பாடம் போச்சு?" என்று அதட்டினால் பிள்ளை பொய் சொல்லும். "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் மனம் திறக்கும். அந்தப் பாடத்தை முன்பே படித்து முடித்தவர் நம் மஹல்லாவிலேயே இருப்பார். பிள்ளையை அவரிடம் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.