முதியோரும் மாத்திரைகளும்

நெல் வயலுக்கு உரம் இடும் உழவர், எவ்வளவு இட்டோம், எந்நாளில் இட்டோம் என்பதை மறப்பதில்லை. தந்தை இட்டதை அறியாமல் மகனும் இட்டால் பயிர் சாய்ந்து நஷ்டமே விளையும் என்பதை நாம் நன்கு அறிவோம். ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் நாள்தோறும் எத்தனை வகை மாத்திரைகள் உண்கிறார் என்று கேட்டால், நம்மில் பலரால் விடை கூற இயலுவதில்லை.

நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, இருதய நோய் ஆகியவை முதுமையில் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து தேவைதான். எனினும் வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் ஆற்றல் குறைவதால், பல மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்கிவிடுகின்றன. ஆதலின் இளைஞர் தாங்கும் பிழையை முதியவர் தாங்கமாட்டார்.

தவறு நேரும் வழி

ஓர் உதாரணம் காண்போம். முதிய விவசாயி ஒருவர், நீரிழிவுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிளிமிபிரைடு என்னும் மாத்திரை பெற்று வருகிறார். அறுவடை முடிந்து மகன் வீட்டிற்குச் சென்ற இடத்தில் வேறொரு மருத்துவரிடம் காட்டுகிறார். பழைய மாத்திரையைப் பற்றி இவரும் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை. அங்கு எழுதித் தந்ததும் அதே மருந்துதான். ஆனால் கம்பெனி சூட்டிய பெயர் வேறு, நிறமும் வேறு. இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்று நம்பி இரண்டையும் உண்கிறார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், உளறல் ஆகியவை தோன்றுகின்றன. இதனை முதுமையின் தளர்ச்சி என்று கருதி வீட்டார் படுக்க வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரிடும்.

இந்நிலையில் நினைவு தெளிவாக இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது. எவ்வாறாயினும் 108 வண்டியை உடனே அழைக்க வேண்டும். ஏனெனில் இம்மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நீடிப்பதால், தெளிந்தவருக்கும் சர்க்கரை மீண்டும் தாழக்கூடும்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் சாமானியமானதன்று. டைக்ளோபினாக் போன்றவை இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இருதயத்துக்காக ஆஸ்பிரின் உண்பவருக்கு வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. எல்லா மருந்துகளையும் ஒரே பெட்டியில் வைத்தல் வேண்டும். நிறுத்திய மருந்தும் காலாவதியான மருந்தும் அதில் இருத்தல் கூடாது.

2. மருந்தின் பெயர், அளவு, வேளை, எந்நோய்க்கு என்பவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். நாட்டு மருந்தும் அதில் இடம்பெற வேண்டும்.

3. எந்த மருத்துவரிடம் சென்றாலும் அத்தாளையும் பெட்டியையும் உடன் கொண்டு செல்லுதல் அவசியம். புதிய மருந்து தந்தால், "பழையதை நிறுத்துவதா, தொடர்வதா?" என்று கேட்டறிய வேண்டும்.

4. கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் போய்விடக்கூடும். அவை உள்ள பகுதியையே கேட்டு வாங்குதல் நலம்.

5. ஒரு வேளை மறந்ததற்காக அடுத்த வேளை இருமடங்கு உண்ணலாகாது. உடல் தேறிவிட்டது என்று இரத்த அழுத்த மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் கூடாது.

6. கண் மங்கியவருக்கும் மறதி உள்ளவருக்கும் வீட்டில் ஒருவரே பொறுப்பேற்று மருந்து கொடுக்க வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. அவற்றைக் கொணரும் தன்னார்வலரிடம், வெளியில் வாங்கிய மருந்துகளையும் மறைக்காது காட்டுமாறு ஊராட்சிப் பணியில் உள்ளோர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். எழுதப்படிக்க இயலாத முதியோருக்கும், துணையின்றித் தனித்து வாழ்வோருக்கும் மருந்துத் தாளை எழுதித் தர ஊரிலுள்ள படித்த இளைஞரை ஏற்பாடு செய்யலாம். கிராம சபை கூடும் நாள் இதற்கு ஏற்ற நாளாகும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பெட்டியும் ஒரு தாளும் சிறிது கவனமும் போதும். இன்று மாலையே நம் வீட்டுப் பெரியவரின் அருகில் அமர்ந்து, அவருடைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போமாக.