நீல வியாபாரி அனுப்பிய மனு

கேள்வி: பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ‘சென்னைவாசிகள் சங்கம், 1852, கஜுலு லட்சுமிநரசு செட்டி’ என்று ஒரே வரியில் பாடம் நகர்ந்துவிடுகிறது. ஒரு மாணவி எழுந்து, “வியாபாரம் நன்றாக நடக்கும்போது அவர் எதற்கு மிஸ் சங்கம் வைத்தார்? அவருக்கு என்ன லாபம்?” என்று கேட்டாள். திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் விளக்க முடியுமா?
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். தொடக்கத்தில் அவருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் அதில் சொந்த அக்கறை இருந்தது. பின்னாளில் அவர் எடுத்துக்கொண்ட வேலையில் லாபம் ஒன்றும் இல்லை, இருந்த சொத்தும் கரைந்தது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு அவர் எப்படி வந்தார் என்பதுதான் அவருடைய கதை.

1806-ல் மதராஸில் பிறந்தவர். தந்தை சித்துலு செட்டி பெரிய நீல வியாபாரி. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்துக்கு அப்போது ஐரோப்பாவில் நல்ல கிராக்கி. 1813-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் முடிவுக்கு வந்ததால் தனி வணிகர்களுக்கும் வழி திறந்திருந்தது. மகனும் தந்தையின் தொழிலிலேயே இறங்கி, துணி ஏற்றுமதியிலும் கால் பதித்துச் செல்வந்தரானார். பெரிய கல்லூரிப் படிப்பு என்று எதுவும் இல்லை. கடையிலும் துறைமுகத்திலும் பழகிய அறிவுதான்.

அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்தது மதம். 1840-களில் மதராஸ் அரசாங்கத்தின் உயர் பதவிகளில் இருந்த சிலர் கிறிஸ்தவ மிஷனரிகளுக்கு வெளிப்படையாகத் துணை நின்றார்கள். அரசுப் பள்ளியில் பைபிளைப் பாடமாக வைக்கும் பேச்சும் எழுந்தது. மிஷனரிகளிடம் சொந்தப் பத்திரிகை இருந்தது. எதிர்த்துப் பேச நகரத்து இந்துக்களிடம் ஒன்றும் இல்லை. லட்சுமிநரசு செட்டி தம் பணத்தைப் போட்டு 1844-ல் ‘கிரசென்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். ஆசிரியர் பொறுப்பை எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரிடம் கொடுத்தார். ஆள்பவர்கள் படிக்க வேண்டும் என்றால் அவர்கள் மொழியிலேயே, அவர்களுக்குப் பழகிய நடையிலேயே எழுத வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. கிரசென்ட் வெளிவருகிறது என்ற விளம்பரத்தைக்கூடத் தன் கெஜட்டில் போட மறுத்துவிட்டது.

இந்தக் கட்டத்தில் ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. மதம் மாறியவர்களுக்கும் குடும்பச் சொத்தில் உரிமை உண்டு என்று சட்டம் கொண்டுவரக் கம்பெனி முயன்றபோது, மதராஸ் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவரும் அதில் முன்னணியில் நின்றார். 1850-ல் சட்டம் வந்தேவிட்டது. மதம் மாறினான் என்பதற்காக ஒருவன் பங்கைப் பறிப்பது நியாயம் ஆகாது. மிஷனரிகள் மேல் இருந்த அச்சம் அன்று அவர் கண்ணை மறைத்தது என்றே நினைக்கிறேன். இதை உங்கள் வகுப்பிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அதே மனிதர் 1852-க்குப் பிறகு செய்ததுதான் அவரைப் பெரிய மனிதராக்கியது.

கம்பெனியின் சாசனத்தை நாடாளுமன்றம் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். அடுத்த முறை 1853-ல். குறை சொல்ல விரும்புகிறவர்கள் அதற்குள் சொல்லியாக வேண்டும். கல்கத்தாவில் 1851-ல் பிரிட்டிஷ் இந்திய சங்கம் அமைந்தது. அதன் கிளையாகத்தான் மதராஸில் 1852 பிப்ரவரியில் சங்கம் கூடியது. சில மாதங்களிலேயே தனித்து நின்று சென்னைவாசிகள் சங்கம் ஆயிற்று. பிரிந்ததற்கு வலுவான காரணம் உண்டு. வங்காளத்தில் ஜமீன்தாரி முறை. கல்கத்தா சங்கத்தில் ஜமீன்தார்களின் செல்வாக்கு அதிகம். இங்கே பெரும்பகுதியில் ரயத்துவாரி. அரசாங்கத்துக்கும் உழுகிறவனுக்கும் நடுவே ஜமீன்தார் கிடையாது, தாசில்தாரும் அவருடைய சேவகர்களும்தான். மதராஸின் குறையைக் கல்கத்தா சொல்ல முடியாது.

அந்த ஆண்டின் இறுதியில் சங்கம் லண்டனுக்கு அனுப்பிய மனுவில் தொழில்களின் மேல் விதித்த மொதர்பா வரி இருந்தது. அது வணிகர்களையும் நெசவாளர்களையும் கைவினைஞர்களையும் தொட்ட வரி. ஆகவே சொந்த லாபமும் கலந்திருந்தது என்று உங்கள் மாணவி சொன்னால் மறுக்காதீர்கள். ஆனால் மனு அதோடு நிற்கவில்லை. நிலவரியின் சுமை, நீதிமன்றங்களின் தாமதம், பராமரிப்பில்லாத பாசன வேலைகள், பள்ளிகளின் பற்றாக்குறை என்று நீண்டது. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. கம்பெனி தரப்பு இதை நம்ப மறுத்தது.

நம்ப மறுப்பவர்களுக்குக் கண்ணால் காட்டுவது என்று லட்சுமிநரசு செட்டி முடிவு செய்தார். இந்தியச் சீர்திருத்தத்தில் ஈடுபாடு கொண்ட டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1853-ல் மதராஸ் வந்தார். அவரை நகரத்து விருந்துகளோடு அனுப்பிவிடாமல், உள்மாவட்டங்களுக்குக் கூட்டிப்போனார். மதராஸ் ராஜதானியில் ரயில் ஓடத் தொடங்கியதே 1856-ல்தான். வண்டியிலும் பல்லக்கிலும் போக வேண்டிய காலம் அது. வயது ஐம்பதை நெருங்கிய, நகரத்திலேயே வாழ்ந்த ஒரு வியாபாரி, குடியானவர்கள் வாயால் அவர்கள் பட்டதைச் சொல்லவைக்கப் பயணம் போனார். என் கருத்தில் அவர் வாழ்வின் திருப்பம் இதுதான்.

சீமோர் ஊர் திரும்பி, 1854 ஜூலையில் மதராஸ் நிலவரி பற்றிய விவாதத்தில் கண்டதையும் கேட்டதையும் காமன்ஸ் சபையில் சொன்னார். அதன் பின்தான் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் என மூவர். 1855-ல் அறிக்கை வந்தது. சித்திரவதை நடப்பது உண்மை என்று அரசாங்கத்தின் சொந்தக் கமிஷனே ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி. இரண்டு குச்சிகளை ஒரு நுனியில் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களை வைத்து, வலி தாங்காமல் கதறும்வரை நெருக்குவது. கை, காது, தொடை எதுவும் தப்பாது. மற்றொன்று அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்து, அவனுடைய வேட்டியாலோ வைக்கோல் பிரியாலோ கழுத்தையும் கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டி வெயிலில் விட்டுவிடுவது. சில நேரம் முதுகில் கல்லும் ஏற்றுவார்கள். கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது, சாப்பிட விடாமல் நிறுத்திவைப்பது ஆகியவையும் உண்டு. இத்தனையும் சில ரூபாய் வரிப் பாக்கிக்காக. 1816-ல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி தாசில்தாரே வரி வசூலிப்பவர், அவரே போலீஸ் அதிகாரி. அடித்தவனைப் பற்றி அடித்தவனிடமே புகார் கொடுக்க வேண்டிய நிலை. கலெக்டரிடம் போகலாம் என்றால், அவர் கச்சேரி எங்கோ தொலைவில். ஏழைக் குடியானவன் அறுவடையை விட்டுவிட்டு நடந்து போய் எத்தனை நாள் காத்துக் கிடப்பான்?

இந்த அறிக்கை கடல் கடந்தும் பேசப்பட்டது. 1857-ல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் கார்ல் மார்க்ஸ் இதை ஆதாரமாக வைத்து எழுதினார். ஆனால் கமிஷன் முழு நியாயம் செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். குற்றத்தை இந்தியக் கீழ்நிலை ஊழியர்கள் மேல் சுமத்தி, வெள்ளை அதிகாரிகளைப் பெரும்பாலும் விடுவித்தது. பலன் என்று பார்த்தால் 1859-ன் மதராஸ் போலீஸ் சட்டத்தைச் சொல்லலாம். அது போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், 1855 அறிக்கைக்குப் பிறகு பழைய ஏற்பாட்டைக் காப்பாற்றிப் பேசுவது கடினமாகிவிட்டது.

பதவியும் பட்டமும் கடைசியில் வந்தன. அரசாங்கம் சி.எஸ்.ஐ. பட்டம் கொடுத்தது. 1863-ல் மதராஸ் சட்ட மேலவைக்கு நியமித்தது. நியமன உறுப்பினர் என்றால் இன்றைய எம்.எல்.ஏ.வைப் போல நினைத்துவிடக் கூடாது. 1861-ன் சட்டப்படி அந்த அவையில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டும் பேசலாம். பத்திரிகையில் பேசிய அளவுக்கு அவர் அங்கே பேசியிருக்க முடியாது. சங்கமும் அதற்குள் தளர்ந்துவிட்டது. 1884-ல் சென்னை மகாஜன சபை வரும்வரை அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது. பொதுக்காரியத்திலும் பத்திரிகையிலும் கொட்டிய பணம் திரும்பவில்லை. 1868-ல் வறுமையில் இறந்தார்.

ஏன் மறந்தோம்? காங்கிரஸுக்கு முன் நடந்ததையெல்லாம் முன்னுரையாக எண்ணித் தள்ளிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மனு எழுதுவது கோழைத்தனம் என்ற எண்ணமும் பின்னால் வந்தது. அவர் சுதந்திரம் கேட்கவில்லை என்பது உண்மை, ராஜவிசுவாசத்தோடுதான் எழுதினார். இருந்தாலும், ராஜதானியின் குடியானவர்கள் பட்ட வதையை உலகம் நம்பும்படி ஆவணமாக்கியதில் அவர் பங்கு பெரியது. அதற்காக மட்டுமே பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் அவருக்கு உரியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1855 அறிக்கையைத் தேடி எடுங்கள். கெட்டி ஆங்கிலம்தான், ஆனால் பல பகுதிகளைப் பிள்ளைகளுக்கு எளிதாகத் தமிழில் சொல்லிவிடலாம். உங்கள் ஊர் அன்று தென்னார்க்காடு ஜில்லா. அந்தப் பெயர் வரும் இடங்களை முதலில் அந்த மாணவியையே படிக்கச் சொல்லுங்கள்.