ஏலத்துக்கு வரும் பழைய ஃபிளாட்: விலையைக் கணிப்பது எப்படி?

● பழைய ஃபிளாட்டின் உண்மையான மதிப்பு மனையில்தான். பத்திரத்தில் உங்களுக்கு வரும் யூ.டி.எஸ். (பிரிபடாத மனைப் பங்கு) எத்தனை சதுர அடி என்று பாருங்கள்.

● உதாரணமாக, 400 சதுர அடி யூ.டி.எஸ்., அந்தத் தெருவில் மனை விலை சதுர அடி ரூ.10,000 என்றால், மனை மதிப்பு ரூ.40 லட்சம்.

● கட்டடத்தின் ஆயுளைப் பொதுவாக 60 ஆண்டுகளாகக் கொள்வார்கள். 30 வயதான 800 சதுர அடி வீட்டுக்கு, இன்றைய கட்டுமானச் செலவில் பாதியைச் சேருங்கள்.

● பழுதுபார்ப்புச் செலவு, சொத்து வரி, பராமரிப்புக் கட்டண பாக்கி ஆகியவற்றைக் கழியுங்கள்.

● வில்லங்கச் சான்று பாருங்கள். வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

● வங்கி ஏலத்தில் 25% உடனே, மீதி பொதுவாக 15 நாட்களில் கட்ட வேண்டும். உச்சவரம்பை எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் விலகிவிடுங்கள்.