முதுமையிலும் அறிவு மங்காதிருக்க

எந்த விதை எந்த நிலத்திற்கு ஏற்றது, ஊரின் எல்லை எது என்பவற்றை நினைவில் வைத்திருப்போர் நம் முதியோரே. அவர்களுடைய நினைவு மங்குமாயின் அது குடும்பத்திற்கு மட்டுமன்றி ஊருக்கும் இழப்பாகும்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயால் வருந்துகின்றனர் என்று 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. எனினும் மறதிநோய் முதுமையின் விதியன்று. உலகில் இந்நோய்க்கு ஆளாவோருள் 100-க்கு 45 பேர் வரை அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழியுண்டென லான்செட் மருத்துவக் குழு 2024-இல் கூறியது. அக்குழு சுட்டிய 14 காரணங்களுள் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு ஆகியவை உணவோடு தொடர்புடையவை. இவை மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன.

புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு ஆகிய நம் ஜவ்வாது மலை ஊராட்சிகளில் சாமை நன்கு விளைகிறது. விளைந்ததை விற்றுவிட்டு, மூன்று வேளையும் வெண்ணிற அரிசிச் சோற்றையே உண்பது நன்றன்று. தவிடு முற்றும் நீக்காத சாமையில் நார்ச்சத்து மிகுதி. அதனுடன் கொள்ளு, மொச்சை, முருங்கைக் கீரை சேருமாயின் உணவு நிறைவுறும்.

முதியோர் பலர் கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலங்கழிக்கின்றனர். பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தாலும் மறதி உண்டாகும். இச்சத்துப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே கிடைக்கிறது. ஆதலால் வீட்டுக் கோழியிடும் முட்டை அனைத்தையும் சந்தைக்கு அனுப்பாமல் முதியோருக்கும் ஒரு பங்கு வைத்தல் வேண்டும்.

உப்பு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அமைய வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நால்வர் உள்ள இல்லத்திற்கு மாதம் 600 கிராம் என்பதே மேல்வரம்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

மறதிநோய் வராமல் காக்குமென்று சத்து மாத்திரைகளை வாங்கி விழுங்குவதால் பயனில்லை. அந்நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகள் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. மறதி தோன்றினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, குறைபாடு உண்டாவென அறிந்து, மருத்துவர் சொற்படி நடப்பதே முறை.

ஊராட்சி உறுப்பினர்கள் இச்செய்திகளைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. தனித்து வாழும் முதியோரின் பட்டியலைத் தயாரித்து, அவர்களுடைய இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் தவறாமல் சோதிக்கப்பெற ஏற்பாடு செய்தல் வேண்டும். சாமையை விற்கும் முன், வீட்டுத் தேவைக்குரியதைக் குதிரில் நிறுத்திக்கொள்வது உழவர் கடமை. இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அக்கறை ஒன்றே வேண்டும்.