தொண்ணூறா? தொள்ளாயிரமா?

மட்டாஞ்சேரி, கொச்சியில் உள்ள பழைய வணிக ஊர். மிளகும் ஏலமும் சுக்கும் மணக்கும் ஊர். தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் இங்கே காதில் விழும்.

யூதத் தெருவில் மிளகு வணிகர்களின் மன்றம் இருந்தது. அங்கே கூவி விலை பேசினார்கள். பின்னர் கணிப்பொறி வந்தது. கூவல் நின்றது.

கூவி விலை பேசும் இடத்தில் ஒரு சொல் மாறினால் பணம் மாறும். எந்தச் சொற்கள் நம்மை ஏமாற்றும்?

ஒன்பதின் குடும்பம்

ஒன்பது - 9
தொண்ணூறு - 90
தொள்ளாயிரம் - 900

தொண்ணூறு என்ற சொல்லில் 'நூறு' ஒலிக்கிறது. ஆனால் அது நூறைவிடக் குறைவு. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது. ஆனால் அது ஆயிரத்தைவிடக் குறைவு. ஒன்பதின் குடும்பத்தில் சொல் ஒரு படி மேலே நிற்கும். எண் ஒரு படி கீழே நிற்கும். மலையாளத்திலும் இப்படித்தான்.

லட்சமும் மில்லியனும்

பல வெளிநாடுகளின் கணக்கில் லட்சம், கோடி இல்லை. மில்லியன், பில்லியன் உண்டு.

1 லட்சம் - 5 சைபர்
1 மில்லியன் - 6 சைபர் (10 லட்சம்)
1 கோடி - 7 சைபர்
1 பில்லியன் - 9 சைபர் (100 கோடி)

காற்புள்ளியும் மாறும். நாம் 10,00,000 என்று எழுதுகிறோம். அவர்கள் 1,000,000 என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான். சைபர்களை எண்ணிப் பாருங்கள்.

ஸ்பானிய மொழியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் 'மில்' என்றால் ஆயிரம். 'மில்யோன்' என்றால் 10 லட்சம். 'பில்யோன்' என்றால் 1 லட்சம் கோடி. ஆங்கிலப் பில்லியனோ 100 கோடிதான். ஒலி ஒன்று போல இருக்கிறது. தொகையோ ஆயிரம் மடங்கு வேறு! பிரிட்டனிலும் முன்பு பில்லியன் என்றால் 1 லட்சம் கோடிதான். 1974இல் அந்நாட்டு அரசு 100 கோடிக் கணக்குக்கு மாறியது.

எழுத்தே செல்லும்

ஒருவர் 9,000 ரூபாய் கடன் வாங்குகிறார். புரோநோட்டில் எண்ணால் 9,000 என்று இருக்கிறது. எழுத்தால் 'தொண்ணூறாயிரம்' என்று இருக்கிறது. எது செல்லும்?

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதற்கு விடை சொல்கிறது. எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே தொகை. காசோலைக்கும் இதே விதிதான். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தையும் கூட்டிப் படியுங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் கற்ற எழுத்து உங்கள் உழைப்பைக் காக்கும்.

பயிற்சி

1. 900, 9,000, 90,000 - எழுத்தால் எழுதுங்கள்.
2. 5 மில்லியன் எத்தனை லட்சம்?
3. 2 கோடியில் எத்தனை சைபர்?
4. உங்கள் வீட்டில் உள்ள ரசீது ஒன்றை எடுங்கள். அதில் எண்ணும் எழுத்தும் ஒத்துப் போகின்றனவா?