இரத்தக் குழாய்க்குள் ஒரு பார்வை

வீட்டுக் குழாயில் தண்ணீர் குறைவாக வருகிறது. உள்ளே அடைத்திருப்பது துருவா, பாசியா? வெளியே நின்று சொல்ல முடியாதல்லவா? இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரி தமனிகள் குறுகும்போது மருத்துவர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது.

எக்ஸ் கதிர்களைத் தடுக்கும் திரவத்தைத் தமனிக்குள் செலுத்தி எடுக்கும் படமே ஆஞ்சியோகிராம். அதில் தெரிவது ஒரு நிழல்தான். குழாய் எங்கே குறுகியுள்ளது என்பதை அது காட்டும். குறுகச் செய்தது எது என்பதைத் தெளிவாகக் காட்டாது.

குழாய்க்குள்ளேயே பார்க்க உதவும் கருவி ஆஞ்சியோஸ்கோப். கரோனரி தமனியின் விட்டம் சில மில்லிமீட்டரே. அதனுள் நுழையும் இக்கருவியில், தலைமயிரைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான ஒளியிழைகள் கற்றையாக உள்ளன. இழைக்குள் புகுந்த ஒளி முழு அக எதிரொளிப்பு அடைவதால், இழை வளைந்தாலும் மறுமுனையை அடைகிறது. சில இழைகள் வெளிச்சத்தை உள்ளே கொண்டு செல்லும். மற்றவை ஒவ்வொன்றும் காட்சியின் ஒரு புள்ளியை வெளியே கொண்டு வரும்.

ஆனால் இரத்தத்தினூடே எதையும் பார்க்க முடியாது. இத்தடையை நீக்க பைபாஸ் அறுவை நல்ல வாய்ப்பளித்தது. இவ்வறுவையில் இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைப்பர். அடைப்பைத் தாண்டிய இடத்தில் தமனியைத் திறந்து, காலிலிருந்து எடுத்த சிரையை அங்கே தைப்பர். அப்போது தெளிந்த உப்புக் கரைசலால் கழுவினால் தமனியின் உட்சுவர் வண்ணத்தில் தெரியும். தையல் செம்மையாக உள்ளதா என்றும் பார்க்கலாம்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தினர், பைபாஸ் அறுவையின்போது 20 நோயாளிகளை இவ்வாறு ஆராய்ந்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓய்வாக இருக்கும்போதே மார்வலி வந்தவர்களின் தமனிகளில் இரத்தக் கட்டிகள் தெரிந்தன. வலி நிலையாக, மாற்றமின்றி இருந்தவர்களிடம் அவை இல்லை. கண்ணால் கண்ட 7 கட்டிகளில் ஆஞ்சியோகிராம் காட்டியிருந்தது ஒன்றை மட்டுமே!

இதன் பொருள் என்ன? ஆபத்து குழாயின் குறுகலில் மட்டும் இல்லை. சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதே திடீர் ஆபத்தைத் தருகிறது. இக்கருத்துக்கு அது நேரடிச் சான்றாயிற்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் இத்தகைய நோயாளிகளுக்கு ஏன் தேவை என்பதும் இதனால் விளங்கும்.

இன்று தமனிக்குள் பார்க்க மீயொலியும் அகச்சிவப்பு ஒளியுமே மிகுதியாகப் பயன்படுகின்றன. ஆயினும் நிழலைக் கண்டு நிறைவடையாமல் பொருளையே காண முயன்றவர்களின் பாடம் நமக்கும் உரியது.