மின்னஞ்சல் வந்ததை அலைபேசி அறிவது எப்படி?

மேட்டூர் அணை திறந்த பின், கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடிக்கடி மதகுவரை நடந்து போய்ப் பார்த்துத் திரும்புவது. மற்றொன்று, மதகடியில் நிற்பவர் தண்ணீரைக் கண்டதும் குரல் கொடுப்பது. அலைபேசியும் புதிய மின்னஞ்சலை இவ்விரு வழிகளில்தான் அறிகிறது.

முதல் வழியில், அலைபேசி குறித்த இடைவெளிகளில் சர்வரைத் தொடர்புகொண்டு, "புதிய கடிதம் உண்டா?" என்று கேட்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் நாளொன்றுக்கு 96 தடவை. பெரும்பாலும் "இல்லை" என்பதே விடை. ஆயினும் ஒவ்வொரு தடவையும் அதன் ரேடியோப் பகுதி விழித்தெழுகிறது; கேட்டு முடித்த பின்னும் சில விநாடிகள் விழித்தே இருக்கிறது. பேட்டரி வீணாகிறது, கடிதமும் தாமதமாகிறது.

இரண்டாம் வழியில் சர்வரே குரல் கொடுக்கிறது. ஐமேப் என்னும் மின்னஞ்சல் முறையில் 1997-இல் 'ஐடில்' என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தால், கடிதம் வந்ததும் சர்வர் தானே தெரிவிக்கும். ஆனால் ஒவ்வொரு செயலியும் தனித்தனியே இணைப்பு வைத்துக்கொண்டால் பேட்டரி தாங்குமா? ஆகவே ஆப்பிள் நிறுவனம் 2009-இலும், கூகுள் 2010-இலும் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஒரே இணைப்பை ஏற்படுத்தின. மதகடியில் ஊருக்கு ஓர் ஆள் நின்றால் போதுமல்லவா? அவ்விணைப்பில் வருவது ஒரு சிறு குறிப்பே. அது கிடைத்ததும் அஞ்சல் செயலி விழித்து முழுக் கடிதத்தையும் வாங்கிக்கொள்கிறது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், அசையாமல் கிடக்கும் அலைபேசி ஆழ்ந்து உறங்குகிறது. அவசரம் எனக் குறிக்கப்பட்ட செய்தி மட்டுமே அதை உடனே எழுப்பும்.

இதை நான் அறிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு என் பழைய அலைபேசியில் பேட்டரியைச் சேமிக்க எண்ணி, அஞ்சல் செயலி பின்னணியில் இயங்காதபடி நானே தடுத்து வைத்திருந்தேன். உதவித்தொகை விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்புமாறு ஒரு கடிதம் வந்தது. மறுநாள் மாலையில்தான் கண்டேன், கெடு முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் மின்னஞ்சல் பார்க்கத் தெரிந்தவர் வேறு எவருமில்லை.

எனவே நண்பர்களே, அஞ்சல் செயலிக்கு அறிவிப்பு அனுமதி உள்ளதா, பேட்டரிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டுள்ளதா என்று இன்றே பாருங்கள். குரல் வரும் என்று நம்பியிருந்தாலும், கெடு நெருங்கும் நாட்களில் ஒருமுறை மதகுவரை நடந்து பார்த்து வருவதே நன்று.